வட்டிப் பேரேட்டில் பிறந்த காலண்டர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நம் செட்டிநாட்டு வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், லத்தீனிலிருந்து கிளைத்த பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீசு முதலிய மொழிகளில் பஞ்சாங்கத்துக்கு வழங்கும் பெயர்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (காரைக்குடி வாசகி): எங்கள் ஐயா வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள். அவர்களுடைய தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது பிரெஞ்சு மொழியில் ஒரு சிறிய அட்டைப் புத்தகம் கிடைத்தது. மாதங்கள், தேதிகள், நிலாவின் வளர்பிறை தேய்பிறைப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. சில தேதிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எண்கள் எழுதியிருக்கிறார்கள். அட்டையில் உள்ள சொல்லை நான் ‘அல்மனாச்’ என்று படித்தேன். பிரெஞ்சு படித்த என் மருமகன் ‘அல்மனா’ என்கிறார். இது அரபுச் சொல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உச்சரிப்பில் உங்கள் மருமகன் சொல்வதுதான் சரி. எழுத்தில் கடைசியாக நிற்கும் மெய்யைப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லில் ஒலிப்பதில்லை. இதே சொல் ஸ்பானிஷில் அல்மனாக்கே, இத்தாலியனில் அல்மனாக்கோ, ருமேனியனில் அல்மனாஹ் என்று வழங்குகிறது.

சொல்லின் தலையில் நிற்கும் ‘அல்’ அரபு மொழியின் சுட்டு (ஆங்கிலத்தின் ‘the’ போன்றது) என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். 711இல் தொடங்கி 1492இல் கிரானடா வீழும் வரை ஸ்பெயின் நாட்டில் ஏதேனும் ஒரு பகுதியில் அரபு பேசிய அரசு இருந்துகொண்டே இருந்தது. அந்த நூற்றாண்டுகளில் ஸ்பானிஷுக்குள் புகுந்த அரபுச் சொற்கள் பல, தங்கள் சுட்டையும் ஒட்டவைத்துக்கொண்டே புகுந்தன. பருத்திக்கு ஸ்பானிஷில் அல்கொதோன் என்றும் சர்க்கரைக்கு அசூக்கர் என்றும் பெயர். இரண்டிலும் முன்னால் நிற்பது அந்தச் சுட்டுதான். பின்னதில் அடுத்த எழுத்தோடு கலந்து உருமாறிவிட்டது.

‘அல்’ போக மிஞ்சும் ‘மனாக்’ என்ன என்பதில்தான் வழக்கு இன்னும் தீரவில்லை. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒட்டகத்தைப் பற்றியது. ஒட்டகத்தை மண்டியிடச் செய்யும் இடத்துக்கு அரபியில் ‘முனாக்’ என்று பெயர். அது பயணிகள் தங்கும் இடமாகி, பிறகு அந்த இடத்தின் தட்பவெப்பத்தைக் குறித்து, அங்கிருந்து பருவங்களைச் சொல்லும் நூலுக்குப் பெயராயிற்று என்பது அந்த விளக்கம். இன்றைய அரபியில் தட்பவெப்ப நிலைக்கு அந்தச் சொல்லே வழங்குவதால் கேட்பவருக்கு உடனே நம்பத் தோன்றும். நான் இதை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். பாக்தாதிலும் டமாஸ்கஸிலும் இருந்த அரபு வானியலார் தங்கள் கோள் நிலை அட்டவணைகளை ‘ஸீஜ்’ என்றும் நாட்காட்டிகளைத் ‘தக்வீம்’ என்றும் அழைத்தார்களே தவிர, மனாக் என்று அழைக்கவில்லை. ஒட்டகம் நிறைந்த நாட்டில் அந்தப் பொருளில் வழங்காத சொல் ஸ்பெயினில் மட்டும் வழங்கியிருக்கிறது. கிரானடாவில் பேசப்பட்ட அரபுக்கு பெத்ரோ தே அல்கலா என்ற பாதிரியார் 1505இல் வெளியிட்ட சொற்றொகுதியில், பஞ்சாங்கம் என்ற பொருளில் இந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முன்பே, 1267இல், இங்கிலாந்தைச் சேர்ந்த ரோஜர் பேக்கன் லத்தீனில் எழுதிய நூலில் இது கோள் அட்டவணையின் பெயராக வந்துவிட்டது.

நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எடுத்தாண்ட ஒரு கிரேக்கப் பகுதியில் எகிப்தியரின் சோதிட நூல்களைக் குறிக்கும் ‘அல்மெனிக்கியாக்கா’ என்ற சொல் இருக்கிறது. அதுவே மூலம் என்போரும் உண்டு. ஒலி நெருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் பேக்கனுக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 900 ஆண்டுகளில் அந்தச் சொல் எங்கே இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே, இது ஸ்பெயினின் அரபு பேச்சு வழக்கிலிருந்து லத்தீனுக்கும், லத்தீனிலிருந்து அதன் பிள்ளை மொழிகளுக்கும் போனது என்ற அளவோடு நிற்பதே நேர்மையானது என்று கருதுகிறேன்.

இந்தச் சொல்லைத் தாங்கிய நூல்களில் ஒன்றுக்கு நம் கடற்கரையோடும் தொடர்பு உண்டு. சாலமன்காவைச் சேர்ந்த யூத வானியலார் ஆபிரகாம் சகுத்தோ, 1492இல் யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டபோது போர்த்துகலில் அடைக்கலம் புகுந்தார். அவர் கணித்த அட்டவணைகள் ‘என்றுமுள்ள அல்மனாக்’ என்று பொருள்படும் லத்தீன் பெயரோடு 1496இல் லெய்ரியா நகரில் அச்சாயின. நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்து, அன்றைய தேதிக்குரிய எண்ணை அந்த அட்டவணையில் பார்த்துக் கழித்தும் கூட்டியும் கப்பல் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று போர்த்துகீசிய மாலுமிகள் கண்டுகொண்டார்கள். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தது அந்த நூல் அச்சாகி இரண்டே ஆண்டுகளில்தான். அவர் வழி வந்தவர்களிடமிருந்து ஜன்னல், சாவி, அலமாரி என்று வீடு நிறையச் சொற்களை நாம் வாங்கிக்கொண்டோம்; அல்மனாக்கே என்பதை மட்டும் வாங்கவில்லை. பஞ்சாங்கம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததால் அதற்குத் தேவை எழவில்லை.

பஞ்சாங்கம் பார்த்துப் பலன் சொல்பவரைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரு பேச்சு இருக்கும் போலிருக்கிறது. இத்தாலியனில் ‘அல்மனாக்காரே’ என்று இதிலிருந்து ஒரு வினைச்சொல்லே பிறந்திருக்கிறது. விடை தெரியாத ஒன்றை மண்டையைக் குடைந்து யோசிப்பதும், நடக்காததை எண்ணி மனக்கோட்டை கட்டுவதும் அதன் பொருள். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் ‘அல்மனாக் போடுவது’ என்றால் இதே பொருள்தான்.

இனி உங்கள் ஐயா எழுதிய பென்சில் எண்களுக்கு வருகிறேன். ‘௧’ என்ற எண் ஆங்கில மாதத்தின் 13 முதல் 18 வரையுள்ள தேதிகளில் ஏதேனும் ஒன்றின் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் மாதங்கள் அந்த நாட்களில்தான் பிறக்கின்றன. அப்படி இருந்து, அடுத்தடுத்த எண்களும் முறையாக ஏறிக்கொண்டு போனால், அவை தமிழ்த் தேதிகள் என்று கொள்ளலாம். வெளியே பிரெஞ்சுத் தேதி, உள்ளே பெட்டியடியில் (வட்டிக்கடையில்) தமிழ்த் தேதி என்று இரண்டையும் ஒருசேரப் பார்த்துக் கணக்கு எழுதியவர்கள் அவர்கள். அந்தப் புத்தகத்தைத் தயவுசெய்து பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வசம்புத் துண்டோடு துணியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): காலண்டர் என்ற சொல் வட்டிக் கணக்கிலிருந்து வந்தது என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். நம்மூர்க்காரர்களை மகிழ்விக்கச் சொன்னதா, உண்மையிலேயே ஆதாரம் உண்டா?

பதில்: ஆதாரம் உண்டு. நம் பகுதியில் பேரேடு புரட்டி வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கும் என்பது என் எண்ணம்.

ரோமானியர்கள் மாதத்தின் முதல் நாளைக் ‘கலெந்தே’ என்றார்கள். ‘கலாரே’ என்றால் லத்தீனில் உரக்கக் கூவி அறிவித்தல். பழங்காலத்தில் அவர்களுடைய மாதம் பிறை கண்டு தொடங்கியது. பிறையைக் கண்டதும் பூசாரி ஒருவர் கேப்பிட்டல் குன்றில் மக்களைக் கூட்டி, அடுத்த குறிப்பு நாளான ‘நோனே’ ஐந்தாம் நாளில் வருகிறதா ஏழாம் நாளில் வருகிறதா என்பதை யூனோ தேவியின் பெயரைச் சொல்லி அத்தனை முறை கூவி அறிவித்தார் என்று ரோமானிய அறிஞர் வாரோ எழுதியிருக்கிறார். எழுதிப் படிக்கும் நாட்காட்டி வருவதற்கு முன்னால் காதால் கேட்கும் நாட்காட்டி இருந்திருக்கிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் யானையின் பிடரியில் முரசை ஏற்றி, இந்திர விழா தொடங்கும் செய்தியை நகர மக்களுக்கு அறைந்து சொல்வதை நினைத்துக்கொண்டால் அந்தக் காட்சி நமக்கு அந்நியமாக இராது.

ரோமில் கொடுத்த கடனுக்கு வட்டி சேர வேண்டிய நாள் அந்தக் கலெந்தே. ஆகவே, யாரிடம் எவ்வளவு நிற்கிறது, வட்டி என்ன என்று வட்டிக்குக் கொடுப்பவர் எழுதி வைத்த ஏட்டுக்குக் ‘கலெந்தாரியும்’ என்று பெயர் வந்தது. நாட்களை வரிசைப்படுத்திய பட்டியல் என்ற பொருள் அந்தச் சொல்லில் நிலைபெற்றது பின்னால்தான். முதலாம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா செல்வத்தின் வீண் பெருமையைச் சாடும்போது, நிலம், வட்டி ஆகியவற்றோடு கடன் கணக்கேட்டையும் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். அந்தக் கணக்கேடே இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் கலெந்தாரியோ, பிரெஞ்சில் கலாந்த்ரியே ஆகி, ஆங்கிலம் வழியாக நம் சுவரில் தொங்கும் காலண்டராகவும் ஆகியிருக்கிறது.

கடன்பட்டவனுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும்? ரோமானியக் கவிஞர் ஹோரஸ் ஒரு கவிதையில் ‘துயரம் தரும் கலெந்தே’ என்றே எழுதினார். அவருடைய இன்னொரு கவிதையில் அல்ஃபியுஸ் என்ற லேவாதேவிக்காரர் பேசுகிறார். கடனும் வட்டியும் இல்லாமல் சொந்த மாடு பூட்டி உழுது வாழ்பவனே பாக்கியவான் என்று பல அடிகளுக்கு உருகி, கிராமத்துக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்து, மாதத்தின் நடுவில் வரும் ‘ஈதுஸ்’ நாளில் வெளியே நிற்கும் பணத்தையெல்லாம் வசூலிக்கிறார். கலெந்தே வந்ததும் அதை மறுபடி வட்டிக்கு விட ஆள் தேடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த மனிதரை நான் வெறுக்கவில்லை. முதல் சும்மா கிடக்கக் கூடாது என்ற பதற்றம் நம் ஊரில் பல வீடுகளில் பார்த்ததுதான்.

கிரேக்கர்களின் நாட்கணக்கில் கலெந்தே கிடையாது. அதனால், கடனைத் திருப்பவே மாட்டாதவர்களைப் பற்றிப் பேசும்போது ‘கிரேக்கக் கலெந்தேயில் கொடுப்பார்கள்’ என்பது பேரரசர் அகஸ்டஸின் வழக்கம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் பதிந்திருக்கிறார். இன்றும் பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் ஒரு காரியத்தை வராத நாளுக்குத் தள்ளிப்போடுவதை ‘கிரேக்கக் கலெந்தேக்குத் தள்ளுவது’ என்றே சொல்கிறார்கள்.

ரங்கூனில் நகரத்தார்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்த செய்தியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரோமில் பிறை கண்டு கூவப்பட்ட நாள் வட்டிக்குரிய நாளாயிற்று. ரங்கூனில் தமிழ் மாதக் கணக்கும் முருகன் சன்னிதியும் வட்டி விகிதமும் ஓர் இடத்தில் சேர்ந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். கடனும் நாளும் பிரிக்க முடியாதவை என்பதால் இரு இடத்திலும் தனித்தனியே விளைந்த ஒற்றுமை இது.

வேறொரு கிளையில் இச்சொல் வட்டியை முற்றிலும் மறந்து மங்கலமாகிவிட்டது. ருமேனியாவில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் பாடும் பாட்டுக்குக் ‘கொலிந்தா’ என்று பெயர்; பிரான்சின் தெற்கே புரோவான்சில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கே ‘கலெந்தோ’ என்று பெயர். இரண்டும் அதே கலெந்தேயின் வழித்தோன்றல்கள்தாம்.

கேள்வி (கானாடுகாத்தான், சுற்றுலா வழிகாட்டி): எங்கள் ஊர் வீடுகளைப் பார்க்க வந்த இத்தாலியப் பெண்மணி ஒருவர், பட்டாலையில் உட்கார்ந்து ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையை ஒரு சிறு நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். அந்த நோட்டைத் ‘தக்குயினோ’ என்றார். ஒரு காலத்தில் அது பஞ்சாங்கத்தின் பெயராக இருந்தது என்றும் சொன்னார். நோட்டுக்கும் பஞ்சாங்கத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: கட்டம் போட்ட தாள்தான் தொடர்பு. முதல் பதிலில் வந்த ‘தக்வீம்’ என்ற அரபுச் சொல்லே இத்தாலியனில் தக்குயினோ ஆயிற்று. நேராக நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த அந்தச் சொல்லுக்கு, நேராக்குதல், ஒழுங்குபட நிறுத்துதல் என்று பொருள். கோள்களின் நிலையை வரிசையும் பத்தியுமாக ஒழுங்குபடுத்திய அட்டவணைக்கு அது பெயரானது. துருக்கியில் இன்றும் நாட்காட்டிக்குத் தக்விம் என்றுதான் பெயர்.

பதினோராம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான், கோள்களை விட்டுவிட்டு உடல்நலத்துக்கு இந்த அட்டவணை முறையைக் கையாண்டார். உணவு, காற்று, தூக்கம், மனநிலை ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, அதன் குணம் சூடா குளிர்ச்சியா, அதில் சிறந்தது எது, என்ன நன்மை, என்ன கெடுதல், கெடுதலுக்கு முறிவு என்ன என்று கட்டம் கட்டமாக எழுதிவைத்தார். பலாப்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி, இதற்கு இது முறிவு என்று நம் ஆயாமார்கள் சொல்லும் கணக்கை அட்டவணையில் அடைத்தால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட நூல் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது, தக்வீம் என்ற சொல்லுக்கு ஈடு தேடாமல் ‘தக்குயினும்’ என்றே வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் வட இத்தாலியின் செல்வர்கள் அதைப் பக்கம் முழுவதும் வண்ண ஓவியங்களோடு படியெடுக்கச் செய்தார்கள். பூண்டு பிடுங்குபவரும் பாலாடைக்கட்டி விற்பவரும் அந்தப் பக்கங்களில் உயிரோடு நிற்கிறார்கள். கட்டங்கள் போய்விட்டன, ஆனால் ‘கட்டம் போட்டது’ என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பிறகு ஆண்டுக்கொருமுறை வரும் சோதிடக் கணிப்பு ஏடுகளுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. கையில் வைத்துக்கொள்ளும் அளவான ஏடுகளை அந்தப் பெயரால் அழைத்துப் பழகிய பின், குறிப்பெழுதும் சிறு நோட்டுக்கும் அது பெயராகிவிட்டது. இன்று இத்தாலியில் செய்தியாளர் பையில் இருப்பது தக்குயினோ; அதில் திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தமிழில் ‘குறிப்பு’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கல்யாணப் பேச்சில் “குறிப்பு கொடுங்கள்” என்றால் ஜாதகம்; வகுப்பறையில் குறிப்பு என்றால் பாடக் குறிப்பு. ஒரு சொல்லே இரண்டு வேலையையும் நமக்குச் செய்கிறது.

கேள்வி (புதுவயல் வாசகர்): ஸ்பானிஷில் கலெந்தாரியோ, அல்மனாக்கே இரண்டும் இருந்தால் நம் பஞ்சாங்கத்துக்கு எதைச் சொல்வது?

பதில்: அல்மனாக்கே நெருக்கமானது. தேதியோடு நிலவின் நிலை, திருநாள், விதைக்கும் காலம், வானிலைக் கணிப்பு ஆகியவற்றைத் தரும் நூல் அது. ஆனால் பேச்சு வழக்கில் பலர் சுவர்க் காலண்டரையும் அல்மனாக்கே என்றே சொல்கிறார்கள். போர்த்துகீசில் தினமும் தாள் கிழிக்கும் காலண்டருக்கு ‘ஃபோலிஞ்ஞா’, அதாவது சின்ன இலை என்று ஓர் அழகான பெயர் இருக்கிறது. நாமும் தாளைப் பழைய வழக்கில் ஏடு, இதழ் என்று சொன்னவர்கள்தாம்.

கேள்வி (கோட்டையூர் வாசகி): நமக்குத் திங்கள் என்றால் நிலவும் மாதமும் ஆகும். அந்த மொழிகளில் நிலாவின் பெயராலேயே பஞ்சாங்கத்துக்குச் சொல் உண்டா?

பதில்: உண்டு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த சொல்லும் அதுதான். லத்தீனிலும் இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் நிலவுக்கு ‘லூனா’. அதிலிருந்து வந்தது ‘லுனாரியோ’. அல்மனாக்கோ படித்தவர் மேசைக்கு உரியது என்றால் லுனாரியோ அடுப்படிக்கும் கொல்லைக்கும் உரியது. எந்தப் பிறையில் விதைப்பது, எப்போது மரம் வெட்டினால் உளுக்காது என்று அது சொல்லும். இத்தாலியின் ஃபோலிஞ்ஞோ நகரில் 1762 முதல் வெளிவரும் ‘பார்பனேரா’ என்ற மலிவுப் பஞ்சாங்கத்தின் பழம்பதிப்புத் தொகுப்பை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கருந்தாடிக்காரர் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். அட்டையில் பாம்பைப் பார்த்து நாம் பாம்புப் பஞ்சாங்கம் என்று கேட்டு வாங்குவதைப் போல அங்கே தாடிக்காரரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

நிலவின் கணக்கு ஏன் தனியே தேவைப்பட்டது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருக்கார்த்திகை கழிந்து இருபத்தொரு நாள் நோன்பிருந்து, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் பிள்ளையார் நோன்பு இழை எடுத்துக்கொள்கிறோம். சூரியனை ஒட்டிய தமிழ்த் தேதியை மட்டும் பார்த்தால் அந்த வேளை பிடிபடாது. திதியும் நட்சத்திரமும் நிலவின் கையில் இருக்கின்றன.

இத்தாலியனில் இந்தச் சொல்லை வைத்து ஒரு வழக்கு உண்டு: ‘ஸ்பர்காரே இல் லுனாரியோ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், கப்பலிலிருந்து சரக்கை இறக்குவதைப் போலப் பஞ்சாங்கத்தைக் கரையில் இறக்குவது. வரும்படி போதாத குடும்பம் எப்படியோ ஆண்டின் கடைசித் தாள் வரை வந்து சேர்வதை அப்படிச் சொல்கிறார்கள். பிழைப்பு எப்படிப் போகிறது என்று கேட்டால் இத்தாலியர் ஒருவர், “பஞ்சாங்கத்தைக் கரை இறக்கிக்கொண்டிருக்கிறேன்” என்பார். அதே கேள்விக்கு நம் ஊரில், “ஏதோ காலந்தள்ளுகிறோம்” என்ற பதில் வரும்.